பக்கத்து வீட்டு எண் என்னிடம் இல்லை

2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு வியாழன் இரவு, மணி 1.20 இருக்கும்போது, மாட்டுக் கொட்டகைக்கும் வீட்டின் பின்வாசலுக்கும் நடுவில் அம்மா விழுந்து கிடந்ததைப் பார்த்தேன். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கையைத் தூக்கச் சொன்னேன். இடது கை மட்டும் எழுந்தது. என்னிடம் ஏதோ சொல்ல முயன்றார். ஒரு சொல்லும் சொல்லாக வெளிவரவில்லை. அதற்குப் பிறகான ஒன்றரை நாளை நான் தனியாகக் கடந்தேன். எங்கள் கொட்டாயில் பதினான்கு வீடுகள் இருக்கின்றன. அடுத்த வீட்டில் இருமினால் எங்கள் வீட்டில் கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் தனியாக நின்றான் என்றால் அந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டவன் அவனேதான். வெளியூரில் வேலை பார்த்துவிட்டு, வயதான பெற்றோருக்காகச் சொந்த ஊருக்குத் திரும்புகிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் செய்துகொண்ட ஏற்பாட்டை அவர்களும் செய்துகொள்ளக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கொட்டாய் என்றால் என்னவென்று மற்ற மாவட்டத்துக்காரர்கள் கேட்பதுண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஊர் என்று ஒன்று நடுவில் இருக்கும். அதிலிருந்து விலகி, அவரவர் நிலத்திலேயே வீடு கட்டிக்கொண்ட பங்காளிகளும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்த சிறு குடியிருப்பைக் கொட்டாய் என்போம். எங்களுடையது பாலக்கோடு வட்டத்தில், தார்ச்சாலையிலிருந்து ஒன்றேகால் கிலோமீட்டர் மண்பாதையில் உள்ளே இருக்கிறது. நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அப்பா இறந்த பிறகு அம்மா தனியாக இருப்பது சரிப்படாது என்று 2020இல் வேலையை விட்டுவிட்டு வந்தேன். எனக்குத் திருமணம் ஆகவில்லை. ஒரே அக்கா குடும்பத்துடன் குஜராத்தில் இருக்கிறார். அரை ஏக்கர் தக்காளி, மானாவாரியில் கொஞ்சம் கேழ்வரகு, இரண்டு கலப்பினக் கறவை மாடுகள் என்று வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது.

வந்த மறு ஆண்டே வீட்டைச் சுற்றி ஆறடி உயரத்துக்குக் காம்பவுண்டு சுவர் எழுப்பினேன். அதற்கு முன் அங்கே இருந்தது கிளுவை வேலி. அந்த வேலியில் பக்கத்து வீட்டு மாமா பக்கமாக ஒரு கடவு இருந்தது. அத்தை அதன் வழியாகத்தான் நாளுக்கு நான்கு முறை வந்து போவார். உறைமோருக்கு, தீப்பெட்டிக்கு, சும்மா உட்கார்ந்து பேச. ஓசூரின் வாடகை வீடுகளில் பதினாறு ஆண்டுகள் இருந்த எனக்கு, சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் சமையலறை வரை வருவது பொறுக்கவில்லை. சுவர் வந்ததும் கடவு போயிற்று. இரும்புக் கேட், கேமரா, அவிழ்த்துவிட்டால் ஆளை நெருங்க விடாத ஒரு நாய் ஆகியவை அடுத்தடுத்து வந்தன. அம்மா மட்டும் ஒரு நாள், “கடவை மட்டுமாவது விட்டிருக்கலாம்” என்றார். திருட்டு பயம் என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன். எங்கள் கொட்டாயில் நான் அறிந்து திருட்டு நடந்ததே இல்லை.

இதில் நான் யாருடனும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பகை இருந்திருந்தால் நானே எச்சரிக்கையாக இருந்திருப்பேன். மாரியம்மன் கோயிலுக்குத் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வசூலிக்கும் பணம், கேட்டால் அன்றே கைபேசியில் அனுப்பிவிடுவேன். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்துப் பதினெட்டு நாள் கூத்து நடத்தியபோது வரிக்கு மேல் பத்தாயிரம் ரூபாய் கொடுத்தேன். கூத்தின் கடைசி நாளான படுகளத்தன்று ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார்கள், நான் வீட்டில் படுத்துக்கொண்டு கேட்டேன். கல்யாணம், காதுகுத்து என்றால் மொய்ப் பணத்தை யாரிடமாவது கொடுத்தனுப்புவேன். சாவு வீட்டுக்கு மாலையுடன் போய்ப் பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவேன். யாரிடமும் ஒரு கைப்பிடி உப்புகூடக் கேட்டதில்லை; மருந்து தெளிப்பான் வேண்டுமென்றால் கடையில் வாடகைக்கு எடுத்தேனே தவிர, பக்கத்தில் சும்மா கிடந்ததைக் கேட்கவில்லை. கொடுக்க வேண்டியதை எல்லாம் கொடுத்துவிட்டு எதையும் வாங்காமல் இருப்பதுதான் மரியாதையான வாழ்க்கை என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கைக்கு என்ன விலை என்பதைக் கீழே ரூபாய்க் கணக்காகவே தருகிறேன்.

அந்த இரவுக்கு வருகிறேன். நாய் வெகுநேரம் குரைத்துக்கொண்டிருந்தது. அது குரைப்பது வழக்கம்தானே என்று இரண்டு முறை புரண்டு படுத்தேன். மூன்றாவது முறை எழுந்து வந்து பார்த்தபோதுதான் அம்மா கிடந்தார். நான் முதலில் செய்தது தவறு: வாயில் தண்ணீர் ஊற்றினேன். அவருக்குப் புரையேறி இருமல் நிற்கவே இல்லை. பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் திறன் குறைந்திருக்கலாம், தண்ணீரோ மாத்திரையோ கொடுத்தால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்று பிற்பாடு மருத்துவர் கடிந்துகொண்டார். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு வண்டியை அழைப்பதுதான் செய்ய வேண்டியது. வாய் கோணுவது, ஒரு கை எழாமல் போவது, பேச்சு குழறுவது ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

1.30க்கு 108ஐ அழைத்தேன். எங்கள் ஊர்ப் பெயரையும் கொட்டாயின் பெயரையும் சொன்னேன். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. எங்கள் பக்கம் ஒரே பெயரில் இரண்டு கொட்டாய்கள் உண்டு. கைபேசி வரைபடம் இன்னொன்றைத்தான் காட்டும். வண்டி 2 மணிக்கெல்லாம் தார்ச்சாலைக்கு வந்துவிட்டது. ஓட்டுநர் அழைத்து, “ரோட்டுல யாராவது நில்லுங்க சார்” என்றார். யாரை நிறுத்துவது? அம்மாவை விட்டுவிட்டு ஓடினால் இங்கே அவர் தனியாகக் கிடப்பார்; ஓடாவிட்டால் வண்டி வராது. கைபேசியைத் திறந்து பெயர்களைத் தேடினேன். ஓசூர் நண்பர்கள், விதைக் கடை, உரக் கடை, மாட்டு மருத்துவர், பால் சங்கத்துச் செயலாளர் என்று எண்ணூறு எண்கள் இருந்தன. கொட்டாயில் உள்ள மற்ற பதின்மூன்று வீடுகளில் ஒரு வீட்டின் எண்கூட இல்லை. அம்மாவின் கைபேசியில் எல்லாம் இருந்திருக்கும்; அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. சத்தம் போட்டுக் கூப்பிட்டிருக்கலாமே என்று இதைப் படிக்கிறவர் கேட்பார். நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சுவர் ஓரமாகப் போய் நின்றேன், வாயைத் திறந்தேன். மாமாவை என்ன முறை சொல்லி எத்தனை மாதத்துக்கு முன் கடைசியாகக் கூப்பிட்டேன் என்பது நினைவுக்கு வரவில்லை. இரவு இரண்டு மணிக்கு, அதுவரை ஒன்றுமே கேட்டிராத ஒருவரிடம், முதல் முறையாக எதைக் கேட்பது என்று கூச்சம் வந்தது. தாய் கீழே கிடக்கும்போது ஒருவனுக்குக் கூச்சம் வரும் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். கடைசியில் அம்மாவின் தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு சாலைக்குப் போய் வண்டியை அழைத்துவந்தேன். 35 நிமிடம் அதில் போயிற்று.

உள்ளடங்கிய இடத்தில் வீடு உள்ளவர்கள் இதைப் பகலிலேயே முடித்து வையுங்கள். தார்ச்சாலையில் எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்பதை அடையாளத்துடன் ஒரே வரியில் சொல்லிப் பழகுங்கள். எங்களுக்கு இப்போது அது “பால் சங்கத்துக் கட்டடத்தை ஒட்டிய புளியமரம், இடப்பக்க மண்பாதை” என்பது. இரவில் அந்தப் புளியமரத்தடியில் டார்ச் விளக்குடன் போய் நிற்க இரண்டு பேரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இரண்டு பேர் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருவர் அன்றைக்கு வெளியூர் போயிருப்பார்.

தருமபுரியில் அரசு மருத்துவமனைக்குள் நுழைந்தபோது மணி 3.35. உடனே ஸ்கேன் எடுத்தார்கள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நான்கு மணி வாக்கில் பணி மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “கடைசியாக இவங்களை நல்லா இருந்த நிலையில எப்போ பார்த்தீங்க?” என்பது. விழுந்ததைப் பார்த்தது 1.20க்கு என்றேன். அது பயன்படாது, நன்றாகப் பேசிக்கொண்டு நடமாடியதைக் கடைசியாகக் கண்ட நேரம் வேண்டும் என்றார். இரவு 9.30க்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார் என்று சொன்னேன். அவர் முகம் மாறிற்று. மூளையின் இரத்தக் குழாயில் அடைத்திருக்கும் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பாதிப்பு தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எப்போது தொடங்கியது என்று தெரியாதபோது, நன்றாக இருந்ததைக் கடைசியாகக் கண்ட நேரத்திலிருந்தே கணக்கிடுவார்கள். 9.30 என்றால் ஆறரை மணி நேரம் கடந்துவிட்டது. ஊசி போடவில்லை. மற்ற சிகிச்சைகளைத் தொடங்கினார்கள். நான் அப்போது இதைத் தலைவிதி என்று எடுத்துக்கொண்டேன். ஒன்றரை நாள் கழித்துத்தான் அது விதியல்ல என்று தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பகலில் பெண்கள் பிரிவுக்கு மாற்றினார்கள். இரவில் அங்கே ஆண்கள் தங்கக் கூடாது. நோயாளியுடன் ஒரு பெண் துணை இருக்க வேண்டும். நியாயமான விதிதான். ஆனால் ஒற்றை ஆளாக வந்த ஆண்பிள்ளைக்கு அது பெரிய சுவர். வெளியில் ஒருவர் மூலமாக 1,500 ரூபாய்க்கு ஓர் அம்மாளை இரவுக்கு அமர்த்தினேன். அவர் தூங்கிவிட்டார் என்பது காலையில் தெரிந்தது. அம்மாவின் துணியை மாற்றி, இரண்டு முறை புரட்டிப் படுக்க வைத்தது அடுத்த படுக்கையில் தன் தங்கைக்குத் துணையிருந்த ஒரு பெண். அவர் எங்கள் ஊராட்சியைச் சேர்ந்தவரே, காலனிக்காரர். அம்மாவைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்திருக்கிறது. களை எடுக்க எங்கள் நிலத்துக்கு வந்தவராம். எனக்கு அவரைத் தெரியவில்லை. பணம் நீட்டினேன், வாங்கவில்லை.

இன்னொரு இரவை இப்படிக் கடத்த முடியாது என்ற பதற்றத்தில், யாரையும் கலந்து பேசாமல், சனிக்கிழமை காலை 6,500 ரூபாய்க்குத் தனியார் ஆம்புலன்ஸ் பிடித்து அம்மாவைச் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் துணைக்கு ஆள் வேண்டியதில்லை என்பதே எனக்கு அப்போது பெரிய காரணமாகப் பட்டது. அம்மாவிடம் தனிக் குடும்ப அட்டையும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையும் இருந்தன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு தரும் திட்டம் அது. அட்டை வீட்டு பீரோவில் இருந்தது. வீடு பூட்டியிருந்தது. சாவி என் சட்டைப்பையில் இருந்தது. போய் எடுத்துவர ஆள் இல்லை. சேர்க்கையின்போதே காப்பீட்டைக் காட்டாமல் பணம் கட்டிச் சேர்ந்தவன், பிறகு எவ்வளவு நடந்தும் அதை மாற்ற இயலவில்லை. சேர்க்கும் முன்பே, அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா, இந்த நோய்க்கு அங்கே அனுமதி உண்டா என்று காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அட்டைகளைப் படம் எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

அன்று பிற்பகல்தான் மாடுகளின் நினைவு வந்தது. இப்படி எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை. அக்கா மறுநாள் வந்துசேர்வதாகச் சொல்லியிருந்தார். பேருந்து பிடித்து ஊர் வந்து கேட்டைத் திறந்தபோது மணி நான்கு. சுவரின் உள்பக்கம் நெடுகச் சோளத்தட்டும் பசும்புல்லும் குவியல் குவியலாகக் கிடந்தன. கொட்டகையில் கட்டியிருந்த மாடுகள் அதை எட்ட முடியாமல் கத்திக்கொண்டிருந்தன. நடந்தது என்னவென்றால், வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மாடுகள் கத்துவதைக் கேட்ட அக்கம்பக்கத்தார் கேட்டருகே வந்திருக்கிறார்கள். உள்ளே நாய். கேட்டில் பூட்டு. மேலே கேமரா. நாளைக்கு ஏதாவது காணாமல் போனால் நம்மைச் சொல்வானோ என்று ஒருவர் தயங்கியிருக்கிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், சொல்லக்கூடிய ஆளாகத்தான் நான் தெரிந்திருக்கிறேன். அம்மாவின் எண்ணுக்கு அழைத்திருக்கிறார்கள், அது பூட்டிய வீட்டுக்குள் ஒலித்திருக்கிறது. என் எண் யாரிடமும் இல்லை. ஆகவே தங்கள் போரிலிருந்த தட்டை அள்ளிவந்து ஆறடிச் சுவருக்கு மேலாக வீசியிருக்கிறார்கள், இரண்டு நாளும், வேளைக்கு வேளை.

நான் அந்தத் தட்டுக் குவியலைப் பார்த்தபடி நின்றபோது பக்கத்து வீட்டு மாமாவும் அத்தையும் கேட்டு வழியாக வந்தார்கள். என்ன ஆயிற்று என்று கேட்டார்கள், சொன்னேன். மாமா உடனே, “ராத்திரி பன்னெண்டு மணிக்குக்கூட என்கூடப் பேசிக்கிட்டு இருந்தாங்களே கண்ணு” என்றார். மும்முனை மின்சாரம் அந்த வாரம் இரவில்தான் வந்துகொண்டிருந்தது. அவர் மடை மாற்றப் போயிருக்கிறார். மோட்டாரைப் போடும்போது 12 மணி தாண்டிப் பத்து நிமிடம் என்று அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாடு ஒன்று கத்தியதால் எழுந்த அம்மா, தட்டுப் போட்டுக்கொண்டே சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து, தண்ணீர் எவ்வளவு தூரம் பாய்ந்தது என்று அவரிடம் விசாரித்திருக்கிறார். தெளிவான பேச்சு. குழறல் ஒன்றும் இல்லை.

அதாவது 12.10க்கு அம்மா நன்றாக இருந்திருக்கிறார். நான்கரை மணி நேரம் என்பது 4.40 வரை. மருத்துவர் என்னைக் கேட்டது நான்கு மணிக்கு. ஊசி கட்டாயம் போட்டிருப்பார்கள் என்றோ, போட்டிருந்தால் கை வந்திருக்கும் என்றோ நான் சொல்லவில்லை. நேரத்தைத் தவிர வேறு பல நிபந்தனைகளும் அதற்கு உண்டு என்று பிற்பாடு கேட்டறிந்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கான சரியான பதில் எங்கள் வீட்டிலிருந்து முப்பதடி தூரத்தில் விழித்துக்கொண்டு மண்வெட்டியுடன் நின்றிருந்தது. நான் கத்தியிருந்தால் மாமா வந்திருப்பார். வந்திருந்தால் வண்டியில் ஏறியிருப்பார் அல்லது வாசலிலேயே இதைச் சொல்லியிருப்பார். அன்றிரவுதான் முதல் முறையாக அழுதேன்.

இழந்ததை எழுதிவிடுகிறேன். சேலத்தில் ஏழு நாளைக்கு 1,74,000 ரூபாய். ஆம்புலன்ஸும் இரவுத் துணையும் 8,000 ரூபாய். மூன்று வேளை கறக்காமல் விட்டதில் ஒரு மாட்டுக்கு மடிநோய் வந்து, மருத்துவத்துக்கு 4,800 ரூபாய் செலவழித்தும் ஒரு காம்பு வற்றிவிட்டது. அதை விற்றபோது 20,000 ரூபாய் குறைத்துத்தான் கேட்டார்கள். தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி நாடெங்கும் பேசப்பட்ட மாதம் அது. எத்தனையோ ஆண்டுகள் சாலையோரம் கொட்டிவிட்டு வந்த தக்காளிக்கு அப்போதுதான் விலை வந்திருந்தது. இரண்டு பறிப்பு செடியிலேயே பழுத்து உதிர்ந்தது. 35 பெட்டி, பெட்டிக்கு 1,500 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் 52,500. எல்லாம் சேர்த்து 2,59,300 ரூபாய். அம்மாவின் வலது கையை இந்தக் கணக்கில் எழுத முடியாது.

சனிக்கிழமை மாலைக்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அதில் என் முயற்சி எதுவும் இல்லை. அத்தை மாட்டருகே உட்கார்ந்து, கல்லாக இறுகியிருந்த மடியை வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் கறந்தார். சாவியை என் கையிலிருந்து அவரே வாங்கிக்கொண்டார். நாய்க்கு மூன்று நாள் சோறு வைத்த மாமாவின் மகனிடம் அது வாலாட்டத் தொடங்கியது. திங்கட்கிழமை பறிப்புக்கு நான்கு வீட்டுப் பெண்கள் இறங்கி, 19 பெட்டி பறித்து, பாலக்கோடு மண்டிக்கு அனுப்பி, பெட்டிக்கு என்ன விலை, வண்டி வாடகை எவ்வளவு, கமிஷன் எவ்வளவு என்று பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். கூலி என்று ஒரு வரி அதில் இல்லை. அம்மாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றியதும், அக்காவுக்கு மாற்றாக அத்தை சேலத்துக்கே வந்து இரண்டு இரவு தங்கினார். நான் முன்பே கேட்டிருந்தால் தருமபுரியிலேயே தங்கியிருப்பார்; சேலம் தேவைப்பட்டிருக்காது. இதை அவரிடம் சொன்னேன். “நீதான் யாருகிட்டயும் எதுவும் கேக்க மாட்டியே கண்ணு. கேக்காதவன் வீட்டுக்குள்ள எப்படி வர்றது?” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் நிறைய நாள் யோசித்திருக்கிறேன். பத்தாயிரம் ரூபாய் கொடுத்தவனுக்கு ஊரில் பெயர் இருந்தது, வாசல் இல்லை. உறைமோர் வாங்கிப் போகிறவருக்குத் திருப்பி எதையாவது கேட்கும் உரிமை தானாக வந்துவிடுகிறது. அவர் நம் வீட்டில் எந்தப் பானை எங்கே இருக்கிறது என்பதை அறிந்திருக்கிறார், ஒரு நாள் விளக்கு எரியாவிட்டால் ஏன் என்று கேட்கிறார். எதையுமே வாங்காதவன், தனக்கு எதுவும் வேண்டாம் என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஊரும் அதை மதித்து ஒதுங்கிக்கொள்கிறது. என்னை யாரும் ஒதுக்கவில்லை. நான் கேட்டுக்கொண்டதைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே ஊருக்குத் திரும்புகிறவர்களிடம் நான் சொல்வது, முதலில் சின்னதாக ஏதாவது கேளுங்கள். தெளிப்பானைக் கேளுங்கள், கடப்பாரையைக் கேளுங்கள், அரிசி மாவு சலிக்கச் சல்லடை கேளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது நான்கு கத்தரிக்காயுடன் கொடுங்கள். பணம் கொடுக்கும் இடத்தில் பணத்துடன் ஆளும் போக வேண்டும். சாவு வீட்டில் மாலை போடுவதைவிடப் பந்தல்கால் பிடிப்பதும், அந்த வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் ஒரு குண்டான் சாம்பார் கொண்டுபோவதும் பெரிது. மொய் நோட்டை அம்மாவிடமிருந்து வாங்கிப் படித்துப் பாருங்கள். யார் எந்தக் கஷ்டத்தில் நம் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள் என்பது அதில் இருக்கிறது. எங்கள் அப்பாவின் காரியத்துக்கு வந்தவர்கள் பட்டியலில் மாமாவின் பெயர் முதல் வரியில் இருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

இதில் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊர், ஊர் என்று நான் எழுதுவதில் அந்தக் காலனிப் பெண்ணின் வீடு இல்லை. எங்கள் தலைக்கட்டு வரி நோட்டில் அவர்கள் பெயர் கிடையாது. எங்கள் மொய் நோட்டிலும் கிடையாது. அவர் என் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்த இரவுக்கு எந்த முறையும் கணக்கும் இல்லை. அவர் தங்கை தேறி வந்ததை விசாரிக்கப் போனேன்; உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார், குடித்தேன். திரும்பி வந்ததும், அங்கே எதற்குப் போனாய் என்று கொட்டாயில் ஒரு பெரியவர் கேட்டார். கிராமத்து ஒற்றுமையைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வியை விட்டுவிடுகிறார்கள். வம்புப் பேச்சும் உண்டு. அம்மா விழுந்ததற்கு நான் மணம் செய்துகொள்ளாததே காரணம் என்று ஒரு மாதம் பேசினார்கள். கடவு திறந்தால் அதுவும் சேர்ந்துதான் உள்ளே வரும்.

கடவைத் திறந்துவிட்டேன். பழைய வேலியில் இருந்த அதே இடத்தில் சுவரை மூன்றடி அகலத்துக்கு இடித்து, தாழ்ப்பாள் மட்டும் உள்ள தகரக் கதவு ஒன்றை வைத்தேன். 3,500 ரூபாய் ஆயிற்று. வீட்டுச் சாவி ஒன்று அத்தையிடம் இருக்கிறது. பீரோவில் எந்தத் தட்டில் எந்த அட்டை என்பது அவருக்குத் தெரியும். பதின்மூன்று வீட்டு எண்களும் என் கைபேசியில் இருக்கின்றன. என் எண்ணும் அக்கா எண்ணும் அத்தை வீட்டுச் சுவரில் கரியால் எழுதப்பட்டிருக்கின்றன.

இரத்தக் கொதிப்பு மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியிருக்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் எங்கள் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அதன்படி எங்கள் கொட்டாய்க்கும் ஒரு பெண் தன்னார்வலர் மாதந்தோறும் வந்து, சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் வீட்டிலேயே அளவு பார்த்து மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் கேட்டில் நாயைக் கண்டு இரண்டு முறை திரும்பிப் போயிருக்கிறார். அம்மா அந்த இரண்டு மாதமும் மாத்திரை போடவில்லை என்பதை என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது அந்தத் தன்னார்வலர் கடவு வழியாக வருகிறார். அதே திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருகிறார். ஒன்றரை ஆண்டில் அம்மா பிடித்துக்கொண்டு நடக்கும் அளவுக்கு வந்துவிட்டார். பேச்சு பாதி திரும்பியிருக்கிறது. வலது கை மடியில்தான் கிடக்கிறது. சாயங்காலம் ஐந்து மணி ஆனால் கடவைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அத்தை வந்து பேசுவார், அம்மா தலையசைப்பார்.

வருகிற தை மாதம் மாமா வீட்டுப் பேரனுக்குக் காதுகுத்து. முதல்நாள் இரவே போய்க் காய் நறுக்க வேண்டும், பந்தியில் நிற்க வேண்டும், இரண்டு நாள் வீட்டில் இருக்க மாட்டேன். மாட்டைக் கறக்கவும் அம்மாவுக்குக் களி கிண்டிக் கொடுக்கவும் மேற்குப் பக்கத்துச் சின்னம்மாவிடம் கேட்டிருக்கிறேன். சரி என்றவர், எங்கள் தெளிப்பானை அந்த வாரம் தர வேண்டும் என்றார். எங்களுடையது என்று அவர் நினைத்த தெளிப்பான், நான் மாமாவிடமிருந்து வாங்கி வந்து இன்னும் திருப்பிக் கொடுக்காதது.